பன்னிரண்டு கிராம் கர்வம்

நண்பர் ஒருவரின் மகன் அமெரிக்காவில் வேலை பார்க்கிறான். லீவு கிடைத்தால் போதும், மூட்டையை முதுகில் மாட்டிக்கொண்டு காடு மலை என்று நாள் கணக்கில் நடக்கக் கிளம்பிவிடுவான். சென்ற தடவை ஊருக்கு வந்திருந்தபோது சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து என் மேஜைமேல் வைத்தான்.

"இது என்ன சொல்லுங்கள், மாமா?"

"சோடா டப்பாவின் அடிப்பாகம்."

"அடுப்பு, மாமா! எடை 12 கிராம். நானே செய்தேன்!"

அடுப்பேதான். இரண்டு அலுமினிய டப்பாக்களின் அடிப்பாகத்தை வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, உள்ளே ஒரு தகட்டு வளையத்தை வைத்து, விளிம்பைச் சுற்றி ஊசியால் துளை போட்டிருந்தான். முற்றத்தில் வைத்து, நடுக்குழியில் இரண்டு மேஜைக்கரண்டி எரிசாராயம் ஊற்றிப் பற்றவைத்தான். தகடு சூடேறியதும் சாராயம் ஆவியாகித் துளைகள் வழியே தீயாகச் சீறியது. திரி இல்லை, பம்பு இல்லை. அரை லிட்டர் தண்ணீர் ஏழெட்டு நிமிஷத்தில் கொதித்துவிட்டது.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எதையும் கடையில் வாங்கினால்தான் பொருள் என்று ஆகிவிட்ட காலத்தில், குப்பைக்குப் போகிற டப்பாவை அடுப்பாக்குகிற கை மரியாதைக்குரிய கை. என் சண்டை அந்தக் கையோடு அல்ல. அவன் அடுத்துச் சொன்ன வார்த்தையோடு.

"இதில் கெட்டுப்போக ஒன்றுமே இல்லை, மாமா. ஒரு திருகுகூடக் கிடையாது!"

கிடையாதுதான். ஆனால், அது பெருமைப்பட வேண்டிய விஷயமா?

பல் தேய்க்கும் பிரஷின் காம்பைக்கூடப் பாதியாக ஒடித்துவிட்டு நடக்கிற கூட்டம் ஒன்று அங்கே இருக்கிறது. கிராம் குறைந்தால் அவர்களுக்குப் புண்ணியம். சரி, அவர்கள் தராசிலேயே நிறுப்போம். எடைக்கு எடை பார்த்தால், சாராயம் தருகிற சூடு காஸ் தருவதில் பத்தில் ஆறு பங்குதான். இரண்டு நாள் பயணத்துக்குச் சாராயம் லாபம். பத்து நாள் நடக்கிறவன் அடுப்பில் மிச்சம் பிடித்ததையெல்லாம் புட்டியில் சுமக்கிறான்.

எடை கிடக்கட்டும். சுவாலை சற்றுத் தணிந்ததும், அணைந்துவிட்டது என்று நினைத்து அடுப்பை எடுக்கக் கையை நீட்டினேன். "ஐயோ, மாமா!" என்று அவன் என் கையைப் பிடித்து இழுத்தான். சாராயத் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாத தீ, அணைக்கத் திருகில்லாத அடுப்பு, காலில் இடறினால் எரிந்துகொண்டே ஓடுகிற திரவம், சுற்றிலும் காய்ந்த புல். போதாதா?

போதும் என்று 2012-ஆம் வருஷம் மே மாதம் தெரிந்தது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில், ஃபோர்ட் காலின்ஸ் நகருக்கு அருகே ஹியூலெட் பள்ளத்தாக்கில் முகாமிட்டிருந்த ஒருவரின் சாராய அடுப்பிலிருந்து பிடித்த தீ 7,600 ஏக்கருக்கு மேல் எரித்தது. வேண்டுமென்று வைத்த தீ அல்ல. சமைக்க மூட்டிய தீதான்.

"ஜாக்கிரதையாக இருந்தால் ஒன்றும் ஆகாது" என்பார்கள். ஜாக்கிரதைக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போமே. ஸ்வீடனில் டிராஞ்சியா என்ற கம்பெனி 1951-லிருந்து சாராய அடுப்புச் செட் விற்கிறது. அதன் பித்தளை எரிகலம் மட்டும் 110 கிராம். அதோடு தீயைக் குறைக்கவும் மூடி அணைக்கவும் ஒரு தகட்டு மூடி. காற்றில் சாயாதபடி சுற்றிலும் ஒரு கூண்டு. அவர்களுக்கு அலுமினிய டப்பா கிடைக்காமலா போயிற்று? பற்றவைப்பது பாதி வேலை, அணைப்பது மறுபாதி என்று தெரிந்துகொண்டு, அந்த மறுபாதிக்கு எடை கொடுத்தார்கள்.

அமெரிக்காவின் மேற்குப் பகுதிக் காடுகளில், வறட்சிக் காலத் தடை வந்துவிட்டால், திறந்து மூடும் திருகுள்ள அடுப்புக்கு மட்டுமே பெரும்பாலும் அனுமதி. அதைக் கெடுபிடி என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. நான் அதை இங்கிதம் என்கிறேன். மழைக் காலத்தில், வெறும் பாறைமேல், பக்கத்தில் தண்ணீரும் மேலே கவிழ்க்க ஒரு மூடியும் வைத்துக்கொண்டு டப்பா அடுப்பை ஏற்றுங்கள். உங்களோடு நானும் காப்பி குடிக்கிறேன். காடு காய்ந்து கிடக்கும்போது தயவுசெய்து திருகுள்ள அடுப்பையே சுமந்து செல்லுங்கள்.

நம் முதுகிலிருந்து இறக்கிய சுமை எங்கும் மறைந்துபோவதில்லை. அதைக் காட்டின் தலையில் ஏற்றிவிட்டு, "எடை குறைத்துவிட்டேன்" என்று சொல்லிக்கொள்வது கணக்கு அல்ல, கர்வம்.