செல்போன் ஆட்டத்துக்கும் ஒரு பட்டம்!

"ராத்திரி பகலா செல்லை நோண்டினா சோறு போடுமாடா?"

உப்பிலியபுரம் பக்கம் வாலிபப் பிள்ளை இருக்கும் வீட்டில் எல்லாம் இந்தச் சத்தம் கேட்கிறது. இப்போது அந்த ஆட்டத்துக்கே கல்லூரிப் படிப்பு வந்து விட்டது!

கேலி வேண்டாம். இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகம் 2018-லேயே இ-ஸ்போர்ட்ஸ் பட்டப்படிப்பைத் தொடங்கியது. 2023-ல் சீனாவின் ஹாங்சோவ் நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் இதற்குப் பதக்கமும் கொடுத்தார்கள்.

சூதாட்டம் வேறு, இது வேறு. ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டு உயிரையும் விட்ட குடும்பஸ்தர்களைத் தமிழ்நாடு மறக்கவில்லை. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டத்துக்குத் தடை போட்டது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை முறையான விளையாட்டாக ஒப்புக் கொண்டது.

ஆனால் ஒன்று. வகுப்பில் உட்கார்ந்து ஆடிக்கொண்டே இருக்கலாம் என்று எந்தப் பையனும் நினைக்க வேண்டாம். போட்டி நடத்துவது, வர்ணனை, ஒளிபரப்பு, விளம்பரம் பிடிப்பது, வரவு-செலவு... இவைதான் பாடம். ஆடியே பிழைப்பவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்.

சின்ன வெங்காயம் விற்ற காசில் பீஸ் கட்டும் தகப்பனார், பணத்தை எடுக்குமுன் மூன்று கேள்வி கேட்கட்டும். பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம்? அதற்கு யு.ஜி.சி. அங்கீகாரம் உண்டா? படித்து முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள்?

பதில் மழுப்பலாக வந்தால், பணத்தை மடியில் முடிந்துகொண்டு அடுத்த பஸ்சில் ஊர் திரும்புவதே புத்திசாலித்தனம்!