விடைப் புத்தகத்தை யாரிடமிருந்து ஒளிக்கிறோம்?

எங்கள் தெருவில் ஒரு அக்கா தொலைதூரக் கல்வியில் பி.காம். படிக்கிறார். அவர் வீட்டில் நெய்வது கோர்வைப் புடவை. கரைக்குத் தனியாக நாடா ஓட்ட ஒரு துணை ஆள் வேண்டும். பகலில் அவர்தான் அந்த ஆள். ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் புத்தகத்தைத் தொட முடியும். அடக்கவிலைக் கணக்கியலில் ஒரு கணக்கைப் போட்டு முடிப்பார். புத்தகத்தில் கணக்குக்குக் கீழே விடை மட்டும் ஒரு வரி இருக்கும். அவருக்கு வேறு தொகை வந்திருக்கும். எங்கே தப்பு? கேட்க வாத்தியார் கிடையாது. என்னைக் கேட்பார். நானோ அவரைவிட ஒரு வருஷம்தான் முன்னால் :)

அதனால் அந்தப் புத்தகத்தின் ஆசிரியர் பதிப்பைப் பழைய விலைக்குத் தேடினேன். அதில் எல்லாக் கணக்குக்கும் வழிமுறையோடு விடை இருக்கும். ஒரு இணையதளத்தில் கிடைத்தது. ஆர்டர் போட்ட மறுநாளே "விதிமுறைக்கு மாறான பொருள்" என்று சொல்லி நீக்கிவிட்டார்கள். பணம் திரும்பி வந்துவிட்டது, அதில் குறையில்லை. ஆனால் அந்த விதிமுறை நியாயமா? அதுதான் என் கேள்வி.

இந்தத் தடை புதுசு இல்லை. அமெரிக்காவில் ஈபே தளம் 2006-லேயே ஆசிரியர் பதிப்புகளின் விற்பனையைத் தடுத்தது. பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் பெற்றோர்கள்தான் அதிகமாகக் கொதித்தார்கள். அவர்களுக்கு அந்தப் பழைய புத்தகங்கள்தான் வாத்தியார்.

தடைக்கு இரண்டு காரணம் சொல்கிறார்கள். ஒன்று, அது ஆசிரியருக்கு இலவசமாகக் கொடுத்த பிரதி, "விற்பனைக்கு அல்ல" என்று அச்சடித்தே கொடுத்தோம் என்பது. இரண்டு, மாணவன் கைக்குப் போனால் காப்பி அடிப்பான் என்பது.

முதல் காரணத்தைப் பார்ப்போம். புத்தகத்தில் அச்சடித்துவிட்டால் அது சட்டமாகிவிடுமா? பாப்ஸ்-மெரில் என்ற அமெரிக்கப் பதிப்பகம் ஒரு நாவலில், ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று அச்சடித்திருந்தது. மேஸி கடைக்காரர்கள் 89 சென்டுக்கு விற்றார்கள். 1908-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கடைக்காரர்கள் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. அது காசு கொடுத்து வாங்கிய புத்தகம், இலவசப் பிரதி வேறு என்பீர்கள். அதற்கும் ஒரு வழக்கு உண்டு. விளம்பரத்துக்காக இலவசமாக அனுப்பிய இசைத்தட்டுகளை ஒருவர் ஈபேயில் விற்றார். அவற்றிலும் விற்கக் கூடாது என்றுதான் போட்டிருந்தது. யுனிவர்சல் மியூசிக் நிறுவனம் வழக்குப் போட்டுத் தோற்றது. நீங்களாகவே அனுப்பிக் கொடுத்த பொருள், பிறகு அது உங்களுடையது இல்லை என்று 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நம் நாட்டில் 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, ஒருமுறை விற்கப்பட்ட பிரதி ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள பிரதி என்கிறது. பழைய புத்தகக் கடைகள் பிழைப்பது அதனால்தான். ஆனால் அங்கே உள்ள வார்த்தை "விற்கப்பட்ட". இலவசமாகக் கொடுத்த பிரதிக்கு இதே தெளிவு இல்லை. இருக்கட்டும். இணையதளம் தனியார் கடை, எதை விற்பது என்று முடிவு செய்யும் உரிமை அதற்கு உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சிக்கல் என்னவென்றால், நடைபாதையில் ஒரு கடைக்காரர் மறுத்தால் அடுத்த கடைக்குப் போகலாம். இரண்டு மூன்று தளங்களே மொத்தச் சந்தையாக ஆகிவிட்ட பிறகு, அவர்களுடைய விதிமுறையே சட்டம் மாதிரி ஆகிவிடுகிறது.

இப்போது இரண்டாவது காரணம். நம் ஊரில் கோனார் உரை இல்லாமல் தமிழ் படித்தவர்கள் எத்தனை பேர்? பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் கைடு எல்லாக் கடையிலும் வாசலிலேயே அடுக்கியிருக்கும். மனப்பாடம் பெருகியது என்று வேண்டுமானால் திட்டலாம், அது உண்மைதான். ஆனால் யாரும் அதை ஒளித்து விற்கவில்லை. காமர்ஸ்காரர்களுக்கு இன்னும் நல்ல உதாரணம் சி.ஏ. தேர்வு. பட்டயக் கணக்காளர் நிறுவனம் பாடநூலையும், முந்தைய தேர்வுகளுக்கான விடைகளையும் தன் இணையதளத்திலேயே இலவசமாகப் போடுகிறது. அதனால் சி.ஏ. சுலபமாகிவிட்டது என்று சொல்பவர் ஒருவரை எனக்குக் காட்டுங்கள்! ஜக்கார்டு அட்டை கையில் இருக்கிறது என்பதற்காக யாரும் முந்தானை நெய்துவிட முடியாது.

புத்தகத்தில் உள்ள கணக்கையே எண் மாற்றாமல் தேர்வில் கேட்டால்தான் விடைப் புத்தகம் ஆபத்து. அப்படியானால் திருத்த வேண்டியது கேள்வித்தாளை.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது. இன்னும் நடக்காத தேர்வுக்கான வினா வங்கியை விற்பதைத் தடுக்கத்தான் வேண்டும். இலவசமாக வந்த பிரதியை ஒரு பேராசிரியர் விற்றுக் காசு பார்த்தால், எழுதியவருக்கு ஒரு பைசா போகாது. அதற்கு மருந்து, வழிமுறைகள் உள்ள பதிப்பைப் பதிப்பகமே நியாயமான விலை வைத்து எல்லோருக்கும் விற்பது. எழுதியவருக்கும் ராயல்டி போகும், தளங்கள் போலீஸ் வேலை பார்க்கவும் வேண்டாம்.

இன்றைய தடையால் யாருக்கு நஷ்டம் என்று பாருங்கள். வகுப்பில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒன்றுமில்லை, அவன் கையைத் தூக்கி வாத்தியாரைக் கேட்பான். டியூஷனுக்குப் போகிறவனுக்கும் கவலையில்லை. வாத்தியாரே இல்லாமல் படிக்கிறவர்களுக்குத்தான் கதவு சாத்தப்படுகிறது.

அந்த அக்காவின் கணக்கில் தப்பை மூன்று ராத்திரி தேடினோம். கழிவு விற்று வந்த பணத்தைத் தொழிற்சாலை அடக்கத்தில் கழிக்காமல் விட்டிருந்தார். ஆசிரியர் பதிப்பில் அது ஒரே ஒரு வரியாக இருந்திருக்கும். அந்த ஒரு வரிக்கு அவர் மூன்று ராத்திரித் தூக்கத்தைக் கொடுத்தார். மறுநாள் காலையில் வழக்கம்போலத் தறி.