கறுப்புக் கோடும் கைத்தொழிலும்

புதுச்சேரியின் பழைய வீதிகளில் நடப்பவர் தெருமுனைப் பலகைகளைக் கவனித்திருப்பார். ஒரே வீதியின் பெயர் பிரெஞ்சிலும் இருக்கும், தமிழிலும் இருக்கும். கடைச் சாமான்களின் உறைமீது காணும் பார்கோடும் அத்தகைய பலகைதான். கோடுகள் யந்திரம் படிப்பதற்கு. அடியிலுள்ள 13 இலக்கங்கள் மனிதர் படிப்பதற்கு. இரண்டும் சொல்வது ஒன்றே.

நம் ஊரில் ஊதுவத்தி, சோப்பு, கைக்காகிதம், ஊறுகாய் என்று வீட்டுத் தொழிலாகச் செய்து பிழைப்போர் பலர். பெரிய கடைக்குச் சரக்கு அனுப்ப வேண்டுமானால் பார்கோடு வேண்டும். அச்சகத்தில் சொல்லி எப்படியோ போட்டு விடுகிறார்கள். கடையில் யந்திரம் வாய் திறக்க மறுக்கிறது. சரக்கு திரும்பி வருகிறது. பண்டத்தில் பழுதில்லை, அச்சில்தான் பழுது!

1949இல் அமெரிக்காவின் மயாமி கடற்கரையில் உட்லண்ட் என்ற இளைஞர் மணலில் விரலால் கோடு இழுத்தபோது பிறந்த யோசனை இது. அவரும் அவருடைய நண்பர் சில்வரும் 1952இல் காப்புரிமை பெற்றார்கள். கடையில் முதன்முதல் அது பயன்பட்டது 1974 ஜூன் 26 அன்று, ஒஹையோ மாகாணத்தில், ஒரு சூயிங்கம் பொட்டலத்தின்மீது.

இதில் இரண்டு தப்பெண்ணங்கள் உண்டு. கோட்டிலேயே விலை அடங்கியிருக்கிறது என்பது ஒன்று. அப்படியல்ல. கோடு எண்ணை மட்டுமே சொல்லும். விலையைக் கடைக் கம்ப்யூட்டர் தன் பட்டியலில் தேடிச் சொல்லும். பட்டியல் தவறானால் பில்லும் தவறும். ஆகவே உறையிலுள்ள விலையோடு பில்லை ஒத்துப் பார்ப்பது நுகர்வோர் கடமை. 890 என்று தொடங்கினால் இந்தியச் சரக்கு என்பது மற்றொன்று. எண்ணை வழங்கியது ஜிஎஸ்1 இந்தியா என்ற அமைப்பு என்பதே அதன் பொருள். சரக்கு எங்கு விளைந்ததென்று அது கூறாது.

கடைசி இலக்கம் காவற்காரன். முதல் 12 இலக்கங்களில் ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றை அப்படியே கூட்டுங்கள். இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி மூன்றால் பெருக்கிச் சேருங்கள். மொத்தம் 137 என்றால் 140க்குக் குறைவது 3. அந்த 3 தான் பதின்மூன்றாவது இலக்கம். ஓர் இலக்கம் பிசகினாலும் கணக்கு உதைக்கும்.

இனி அச்சுக்கு வருவோம். வழக்கமான அளவு, இருபுற வெற்றிடமும் சேர்த்து, அகலம் 37.29 மில்லிமீட்டர், உயரம் 25.93 மில்லிமீட்டர். இதில் 80 சதவீதத்துக்குக் கீழே சுருக்கலாகாது. வழக்கமான அளவில் இடப்புறம் 3.63, வலப்புறம் 2.31 மில்லிமீட்டர் வெற்றிடம் கட்டாயம். அங்கே பூவேலை செய்தால் கோடு எங்கே தொடங்குகிறதென்று யந்திரத்துக்குத் தெரியாது. சிவப்பு மையில் கோடு போடுவது பெருந்தவறு. கடை யந்திரங்களின் ஒளி பெரும்பாலும் சிவப்பு. அதற்குச் சிவப்பும் வெள்ளையும் ஒன்றே. வெள்ளைமேல் கறுப்பே உத்தமம். மெல்லிய சீசா நிமிர்ந்து நிற்கையில் கோடுகள் ஏணிப்படிபோல் படுத்திருக்க வேண்டும்.

அடுத்தவர் சரக்கின் எண்ணை இரவல் வாங்குவதும் கூடாது. கடையில் ஊறுகாய்க்குப் பதில் வேறொன்றின் பெயர் பில்லில் ஏறும். 100 கிராமுக்கு ஓர் எண், 200 கிராமுக்கு வேறு எண் என்பதையும் மறக்கலாகாது. ஆயிரக்கணக்கில் அச்சிடுமுன் மாதிரி உறை ஒன்றைக் கடையிலேயே காட்டிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கடனும் பயிற்சியும் தரும் அதிகாரிகள், ஊறுகாய் போடும் பக்குவத்தோடு இந்தப் பக்குவத்தையும் சொல்லித்தர வேண்டும். அச்சக உரிமையாளர்களும், கேட்டதை அச்சிட்டோம் என்று கைகழுவாமல், அளவு குறைந்தால் எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் ஒரு குடும்பத்தின் மாத உழைப்பு மூட்டையாகத் திரும்பி வருகிறது என்பதை இரு சாராரும் நினைவில் வைப்பார்களாக!