வேளாங்கண்ணி வீடியோவை ஃபார்வர்டு செய்கிறவர்களுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். முழுவதும் படித்துவிட்டு, திட்டுவதானால் திட்டுங்கள்.

டிசம்பர் பிறந்தால் எங்கள் நெய்வேலி டவுன்ஷிப்பில் வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்கும். கூடவே வாட்ஸ்அப்பில் அந்த வீடியோவும் வந்துவிடும். 2004 சுனாமியில் வேளாங்கண்ணிக் கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை, உள்ளே பூசையில் இருந்தவர்களை மாதா காப்பாற்றினார், ஆமென் சொல்லிப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று. இந்த வருடம் இதுவரை மூன்று குரூப்பில் வந்துவிட்டது. அனுப்பியவர்களில் இருவர் என்னோடு ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுத்தவர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மாதாவுக்கு விரோதி இல்லை. என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் வேளாங்கண்ணியில்தான் முடி இறக்கினேன். இன்றும் வருடம் ஒருமுறை போகிறேன். ஆனால் அந்த வீடியோவில் பாதி உண்மைதான் இருக்கிறது. கோயிலுக்குள் இருந்தவர்கள் பிழைத்தார்கள், சரி. கடற்கரையிலும் கடைத்தெருவிலும் நின்றிருந்தவர்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்களே, அவர்கள் யார்? கிறிஸ்துமஸ் முடித்து அதே மாதாவைப் பார்க்க வந்தவர்கள். மெழுகுவர்த்தி விற்றுப் பிழைத்தவர்கள். பிள்ளைக்குக் கடல் காட்டப் போன தகப்பன்மார்கள். உள்ளே இருந்தவர்களை மாதா காப்பாற்றினார் என்று சொன்னால், வெளியே நின்றவர்களை மாதா கைவிட்டார் என்றும் சேர்த்துத்தான் சொல்கிறீர்கள். அதைச் சொல்ல உங்களுக்கு வாய் வராது. ஆனால் கேட்கிற குழந்தைக்குப் புரிந்துவிடும்.

எனக்கு ஒரு குழந்தைதான் அதைப் புரியவைத்தான்.

2005 ஜனவரி 2, ஞாயிற்றுக்கிழமை. மறைக்கல்வி வகுப்பு. ஆறாவது படிக்கிற பையன் ஒருவன் எழுந்து நின்றான். அவனுடைய அத்தை வேளாங்கண்ணியில் போய்விட்டார். "டீச்சர், அத்தை பூசை முடிஞ்சு வெளிய வந்தது தப்பா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். இருபது வருடத்துக்கு மேல் கரும்பலகை முன்னால் நின்றவளுக்கு அது வரவில்லை. "நல்லவங்களை ஆண்டவர் சீக்கிரம் எடுத்துக்குவார்ப்பா" என்றேன். அவன் கொஞ்ச நேரம் நின்றான். "அப்ப இங்க இருக்கிற நம்ம யாரும் நல்லவங்க இல்லையா டீச்சர்?" என்றான்.

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. நான் ஜெபம் சொல்லி வகுப்பை முடித்துவிட்டேன்.

அந்த 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையில் தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8 ஆயிரம் பேர் போனார்கள். அதில் 6 ஆயிரம் பேர் நாகப்பட்டினம் மாவட்டம். நம் கடலூர் மாவட்டத்திலும் தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை என்று குப்பம் குப்பமாக இழவு விழுந்தது. இவ்வளவு சாவுக்கும் மேடை போட்டுக் காரணம் சொன்னார்கள். பாவத்துக்குத் தண்டனை என்றார்கள், கடைசிக்கால அடையாளம் என்றார்கள். நம் ஆட்கள் மட்டுமில்லை, ஒவ்வொரு மதத்திலும் அப்படிச் சொல்ல ஆள் இருந்தது. 1934இல் பீகார் பூகம்பத்தைத் தீண்டாமைப் பாவத்துக்குத் தண்டனை என்று காந்தியே சொன்னார். தாகூர் அதைப் பகிரங்கமாக மறுத்தார். காந்தியின் நோக்கம் நல்லதுதான். ஆனாலும் செத்துக் கிடக்கிறவனை வைத்துப் பாடம் நடத்தக்கூடாது.

பூசைக்குப் போனால் பாதுகாப்பு என்கிறீர்களா? கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி எல்லாம் கோயில் மணி கேட்டு எழுகிற கத்தோலிக்கக் கரைகள். அங்கேயும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். ஞாயிறு பள்ளி முடித்து ஆராதனைக்குக் காத்திருந்த நம் தமிழ்ப் பிள்ளைகள் குண்டில் செத்தார்கள். அவர்கள் நின்றது கோயில் வளாகத்தில். அவர்களுக்கு எந்த வீடியோ அனுப்புவீர்கள்?

நம் வேதம் இதில் தெளிவாக இருக்கிறது. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று ஆண்டவரே கேட்டு, இல்லை என்றார். ஏரோது பிள்ளைகளைக் கொல்ல வந்தபோது சூசையப்பருக்குக் கனவில் எச்சரிக்கை வந்தது, குழந்தை இயேசு தப்பினார். பெத்லகேமின் மற்ற வீடுகளுக்குக் கனவு வரவில்லை. திருச்சபை அதை மறைக்கவில்லை. "பார்த்தீர்களா புதுமையை" என்று தப்பியதை மட்டும் கொண்டாடிவிட்டுப் போகவுமில்லை. கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றே நாளில், டிசம்பர் 28இல், தப்பாத அந்தக் குழந்தைகளுக்கு மாசில்லாக் குழந்தைகள் திருநாள் என்று ஒரு நாளை ஒதுக்கியிருக்கிறது. 2004இல் அந்தத் திருநாள் செவ்வாய்க்கிழமை வந்தது. அன்றைக்கு நாகப்பட்டினத்தில் பெரிய குழி தோண்டிப் பிள்ளைகளை ஒன்றாக அடக்கம் செய்துகொண்டிருந்தார்கள். நம்மில் எத்தனை பேர் அந்த இரண்டையும் சேர்த்து யோசித்தோம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது டீச்சராக என் வெட்கம்.

சுமத்ராவில் நிலம் ஆடியது நம் நேரப்படி காலை 6.28க்கு. நம் கரைக்கு அலை வந்தது கிட்டத்தட்ட 9 மணிக்கு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. சொல்லத்தான் ஆளில்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007இல். அதே நாள் தாய்லாந்தின் ஃபூக்கெட் தீவில், டில்லி ஸ்மித் என்ற பத்து வயது இங்கிலாந்துச் சிறுமி கடல் பொங்கி நுரைப்பதைப் பார்த்து, இது சுனாமி என்று கத்திக் கடற்கரையையே காலி செய்ய வைத்தாள். இரண்டு வாரம் முன்னால் அவளுடைய புவியியல் ஆசிரியர் வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தார். சுமத்ரா பக்கத்துச் சிமெலுவே தீவில், நிலம் ஆடினால் மலைக்கு ஓடு என்று பாட்டிமார் சொன்ன கதை இருந்தது. அந்தத் தீவில் செத்தவர்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். நம் பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. அந்த மரங்கள் எந்த மதம் என்று கேட்டுக் காக்கவில்லை.

அந்த வருடம் நானும் ஐந்தாம் வகுப்புதான் எடுத்தேன். கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காதே, மேட்டுக்கு ஓடு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கே தெரியாது. சுனாமி என்ற சொல்லையே அன்றைக்குத்தான் கேட்டேன். நாம் சொல்லிக்கொடுக்காமல் விட்டதையெல்லாம் ஆண்டவர் சித்தம் என்று அவர் தலையில் போட்டுவிட்டு, கைகழுவிக்கொள்கிறோம். கைகழுவுவது பிலாத்து செய்த வேலை.

"உயிர் பிழைத்தவன் நன்றி சொல்லக்கூடாதா டீச்சர்?" என்று கேட்பீர்கள். தாராளமாகச் சொல்லட்டும், முழங்காலில் நின்று அழட்டும். பிழைத்தவன் கண்ணீர் வேறு, நீங்கள் அதை மதத்துக்கு விளம்பரமாக்குவது வேறு. பறிகொடுத்த வீட்டுக்காரன் போனிலும் அந்த வீடியோ வந்து விழுகிறது.

என்னிடம் அன்றைக்குக் கேட்ட பையனுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. வெளியூரில் வேலை. கோயிலுக்குப் போவதில்லை என்று அவன் அம்மா என்னிடம் அழுதார். சுனாமியில் விசுவாசம் போய்விட்டது டீச்சர் என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. உண்மை எனக்குத் தெரியும். அத்தை போன பிறகும் அவன் வகுப்புக்கு வந்திருந்தான், கை தூக்கிக் கேட்டான். என் பதிலுக்குப் பிறகுதான் வருவதை நிறுத்தினான்.

தம்பி, இதை நீ படித்தால், இது உனக்கு. அத்தை வெளியே வந்தது தப்பில்லை. யாரும் நல்லவர், கெட்டவர் என்று பார்த்து எடுக்கப்படவில்லை. ஏன் நடந்தது என்று டீச்சருக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. தெரிந்த மாதிரிப் பேசியதற்கு மன்னித்துவிடு.

மற்றவர்களுக்கு ஒரே வேண்டுகோள். இந்த 26ஆம் தேதி அந்த வீடியோவை அனுப்பாதீர்கள். 28ஆம் தேதி வீட்டில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். பேரப்பிள்ளைகள் யாருக்கு என்று கேட்டால், வெளியே நின்றவர்களுக்கு என்று சொல்லுங்கள். கடல் உள்வாங்கினால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிக்கொடுங்கள்.