அமுக்குவான் பேய்

கண் அயரும் கணத்தில், படி தவறிக் கிணற்றுள் வீழ்ந்தாற்போல் தேகம் திடுக்கென உலுக்கி விழிப்பதும், அதனினும் கொடியதாய், விழித்திருந்தும் விரலொன்றை அசைக்கவியலாமல், மார்பின்மீது யாரோ ஏறி அமர்ந்தாற்போல் மூச்சுத் திணறுவதும் நம்மில் பலருக்கு நேர்ந்த அனுபவங்களே. முன்னது தசைகளின் திடீர்த் துடிப்பு, காப்பியும் அயர்ச்சியும் கவலையும் அதனை மிகுவிக்கும், அஞ்ச வேண்டுவதில்லை.

பின்னதையே நம்மவர் அமுக்குவான் பேய் என்றனர். சிறுவயதில் எனக்கு அவ்வாறு நேர்ந்த மறுநாள் இரவு, என் பாட்டியார் நெற்றியில் விபூதி இட்டு, தலையணையின்கீழ் பாக்குவெட்டியை வைத்துவிட்டு, நான் உறங்கும்வரை அருகிலேயே அமர்ந்திருந்தார்; அந்த இரும்பின் குளிர்ச்சி இன்னும் என் விரல்களில் இருக்கிறது. அந்த அன்பை நான் குறை கூறேன். ஆயினும், கனவு காணும் நித்திரையில், கனவின்படி கைகால்கள் ஆடிவிடாதபடி மூளையே தசைகளைக் கட்டிவைக்கிறது என்பதும், அக்கட்டு அவிழுமுன் பிரக்ஞை மீண்டுவிடுவதே இத்துன்பம் என்பதும், சில நிமிஷங்களில் அது தானே நீங்கும் என்பதும் இன்று ஐயமற விளங்கிய உண்மைகள்.

இவ்வாறிருக்க, பயந்த பெண்களை மந்திரவாதியின் வேப்பிலை அடிக்கு ஆளாக்குவது பெரும் அநீதி. அடிக்கடி நேர்ந்தாலோ, பகலிலும் அடக்கவியலாத தூக்கம் வந்தாலோ, அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.