அல்சைமருக்கு ‘நானோ’ மருந்து வந்துடுச்சா?

வாட்ஸ்அப்பில் வரும் அந்தச் செய்தியை ஃபார்வர்டு பண்ணும் முன் ஒரு நிமிஷம்.

புரதங்கள் சரியாக மடிந்தால்தான் வேலை செய்யும். தப்பாக மடிந்தவை ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். அல்சைமரில் இது நடப்பது மூளையில். பரம்பரை ‘டிடிஆர் அமிலாய்டோசிஸ்’ நோயில் நரம்பிலும் இதயத்திலும் படியும்.

இரண்டாவது நோய்க்கு நானோ மருந்து நிஜமாகவே இருக்கு: படிசிரான். நரம்பு பாதிப்புக்காக அமெரிக்கா 2018-ல் அனுமதித்தது. நுண்ணிய கொழுப்புத் துகளுக்குள் ஆர்.என்.ஏ.வை வைத்து, 3 வாரத்துக்கு ஒருமுறை டிரிப்ஸில் ஏற்றுகிறார்கள். துகள் கல்லீரலுக்குப் போய், அந்தப் புரதத்தின் உற்பத்தியையே குறைக்கிறது. தரையெல்லாம் தண்ணீர் என்றால் முதலில் குழாயைத்தானே மூடுவோம்?

இங்கே ஒரு வசதி: ரத்தத்தில் ஏற்றும் கொழுப்புத் துகள்கள் பெரும்பாலும் கல்லீரலில்தான் சேரும். மூளைக்கோ ‘ரத்த-மூளைத் தடுப்பு’ என்ற காவல் உண்டு. அதனால்தான் அல்சைமர் புரதத் திரளுக்கு அனுமதி பெற்ற நானோ மருந்து இன்னும் இல்லை.

படிசிரானின் அறிமுக விலையும் ஆண்டுக்குச் சுமார் 4.5 லட்சம் டாலர்!

ஆக, அடுத்த ‘நானோ அதிசயம்’ வந்தால் மூணே கேள்வி கேளுங்க: சோதித்தது எலியிலா, மனிதரிலா? எந்த உறுப்பை எட்டும்? யாருக்குக் கட்டுப்படியாகும்? நோயாளியின் குடும்பத்துக்குப் பொய் நம்பிக்கையைப் பரப்பாமல் இருப்பதும் உதவிதான்.