ஏழு பேரின் சத்தம்



இந்த இசைச் சிறப்பிதழில் கர்நாடக இசை உண்டு, திரையிசை உண்டு, கானாவும் உண்டு. என் பக்கத்துக்கு மட்டும் ஓர் அமெரிக்கக் குழுவை எடுத்துக்கொண்டேன். ஆசிரியராக இருப்பதில் கிடைக்கும் சின்னச் சலுகை இது, பொறுத்தருள்க. குழுவின் பெயர் ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன். அதன் தலைவர் ஸ்லை ஸ்டோன் 2025 ஜூன் 9 அன்று 82 வயதில் காலமானார். அதிலிருந்து அவர்களுடைய ஆல்பங்களை வெளிவந்த வரிசையிலேயே கேட்டுவருகிறேன். அப்படிக் கேட்டால், ஒரு கூட்டம் சேர்வதும் கலைவதும் சத்தத்திலேயே தெரிகிறது.

ஸ்லையின் இயற்பெயர் சில்வெஸ்டர் ஸ்டூவர்ட். டெக்சாஸில் பிறந்து கலிஃபோர்னியாவின் வலேஹோ ஊரில் வளர்ந்தவர். சர்ச்சில் பாடிய குடும்பம். சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே, 1952-இல், உடன்பிறந்தவர்கள் சேர்ந்து ஒரு பக்திப் பாடல் இசைத்தட்டு வெளியிட்டார்கள். பிறகு ஸ்லை வானொலி அறிவிப்பாளர் ஆனார். கறுப்பின மக்களுக்கான சோல் இசை நிலையம் அது. அதில் இடையிடையே பீட்டில்ஸையும் பாப் டிலனையும் போட்டார். அவருடைய குழு எப்படி ஒலிக்கப்போகிறது என்பதற்கு அதுவே முன்னோட்டம்.

1966-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் குழு உருவானது. கிடாரில் தம்பி ஃப்ரெடி, ட்ரம்பெட்டில் சிந்தியா ராபின்சன், சாக்ஸஃபோனில் ஜெரி மார்ட்டினி, டிரம்ஸில் கிரெக் எரிக்கோ, பேஸ் கிடாரில் லாரி கிரஹாம். பின்னால் தங்கை ரோஸ் கீபோர்டுக்கு வந்து சேர்ந்தார். மார்ட்டினியும் எரிக்கோவும் வெள்ளையர்கள். பெண்கள் இருவரும் கோரஸ் பாட நிறுத்தப்பட்டவர்கள் அல்ல, வாத்தியக்காரர்கள். அன்றைய அமெரிக்காவில் இப்படி ஒரு மேடை அபூர்வம்.

1967-இல் வந்த முதல் ஆல்பம் ‘எ ஹோல் நியூ திங்’ இசைக்காரர்களுக்குப் பிடித்தது, கடையில் போகவில்லை. ஆட்டம் போட வைக்கும் பாட்டு வேண்டும் என்றது கம்பெனி. ‘டான்ஸ் டு த மியூசிக்’ பிறந்தது அப்படித்தான். கம்பெனிக்காகச் செய்த பாட்டு என்று அதைத் தள்ளிவிட முடியாது. டிரம்ஸ், கிடார், பேஸ், கீபோர்டு என்று ஒவ்வொன்றாக உள்ளே வர, குரல்கள் மாறி மாறிப் பாடுகின்றன. குழுவில் யார் யார், யாருக்கு என்ன வேலை என்று மூன்றே நிமிடத்தில் நமக்கு அறிமுகமாகிவிடுகிறது. 1969-இன் ‘ஸ்டாண்ட்!’ ஆல்பம் வரை இதே கதைதான்: யாரும் யார் பின்னாலும் ஒளியவில்லை.

லாரி கிரஹாமைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குழுவுக்கு வருமுன் தம் தாயாரோடு கிளப்புகளில் வாசித்துவந்தார். டிரம்மர் கிடையாது. அந்தக் குறையை ஈடுகட்டத் தடித்த கம்பியைக் கட்டைவிரலால் அடித்தார், மெல்லிய கம்பியை விரலால் சுண்டி இழுத்தார். தாளக்காரர் இல்லாத வீட்டில் பிறந்த அந்தக் கைவேலைதான் இன்று ஸ்லாப் பேஸ் என்று உலகெங்கும் வாசிக்கப்படுகிறது. 1969 கடைசியில் வந்த ‘தேங்க் யூ’ பாடலில் அதைத் தெளிவாகக் கேட்கலாம்.

அதே ஆண்டு ஆகஸ்டில் வுட்ஸ்டாக் விழாவில் அதிகாலை மூன்றரை மணியளவில் மேடையேறி, தூங்கி வழிந்த கூட்டத்தை எழுப்பினார்கள். அந்தக் கோடையில் ஹார்லெமில் நடந்த விழாவிலும் வாசித்தார்கள். அங்கே எடுத்த வீடியோ பதிவுகள் ஏறக்குறைய அரை நூற்றாண்டு முடங்கிக் கிடந்து, ‘சம்மர் ஆஃப் சோல்’ ஆவணப்படமாக வந்து ஆஸ்கர் வாங்கின.

பிறகு போதைமருந்து. ஆயிரக்கணக்கானோர் காத்திருக்க, கச்சேரிக்கு வராமல் போவது ஸ்லைக்கு வழக்கமானது. 1971-இல் எரிக்கோ விலகினார். டிரம்மர் போன இடத்தில் ஸ்லை ஒரு தாள இயந்திரத்தை வைத்தார். பல வாத்தியங்களைத் தாமே வாசித்தார். ஒரே டேப்பில் திரும்பத் திரும்பப் பதிந்ததில் ஒலி தேய்ந்து, புகைமூட்டம் போல ஆனது. அந்த ஆண்டு வெளியான ‘தேர்ஸ் எ ரயட் கோயின் ஆன்’ ஆல்பத்தில் யார் எதை வாசிக்கிறார்கள் என்று பிரித்தறிவதே கடினம். ‘ஃபேமிலி அஃபேர்’ என்ற பாட்டில் குழுவிலிருந்து ஸ்லையின் குரலும் ரோஸின் குரலும்தான் தெரிகின்றன. எலெக்ட்ரிக் பியானோ வாசித்தது வெளியாளான பில்லி பிரெஸ்டன். குடும்பத்தைப் பற்றிய பாட்டில் குழு என்ற குடும்பம் பாதி இல்லை! ஆனாலும் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

சீரழிவிலிருந்துதான் பெரிய கலை பிறக்கும் என்று இந்த ஆல்பத்தைச் சிலர் கொண்டாடுவது எனக்கு உடன்பாடில்லை. அந்தத் தாள இயந்திரத்தை டிரம்மரின் நகலாக்காமல் வேறொரு வாத்தியமாகவே கையாண்டது தேர்ந்த இசையறிவு. போதைக்கு அதில் பங்கு தர வேண்டியதில்லை. போதையின் கணக்கில் எழுத வேண்டியது வேறு: 1972-இல் கிரஹாமும் போய்விட்டார்.

1973-இன் ‘ஃப்ரெஷ்’ ஆல்பத்தில் புதிய டிரம்மரும் புதிய பேஸ்காரரும் வந்தார்கள். ஒலி மறுபடி தெளிந்தது. அதில் நமக்கும் ஒரு சொந்தம் உண்டு. டோரிஸ் டே பாடிய ‘கே செரா செரா’ மெட்டு ‘ஆரவல்லி’ (1957) படத்தில் ஜிக்கியின் குரலில் தமிழுக்கு வந்ததே, அதே பாட்டை ரோஸ் இங்கே சர்ச் பாட்டாக மாற்றி, அவசரமில்லாமல் பாடுகிறார். 1974-இல் ஸ்லை மேடிசன் ஸ்கொயர் கார்டன் மேடையிலேயே கல்யாணம் செய்துகொண்டார். அன்று வந்த கூட்டம் அடுத்த ஆண்டு ரேடியோ சிட்டி அரங்குக்கு வரவில்லை. அத்தோடு குழு கலைந்தது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ‘ஸ்டாண்ட்!’, ‘ரயட்’ இரண்டையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டாவது முதல் தடவையில் பிடிக்காமல் போகலாம். மறுநாள் இன்னொரு முறை கேளுங்கள். எது உங்களுக்கு நெருக்கமானது, ஏன் என்று எழுதுங்கள். அடுத்த இதழில் உங்கள் கடிதங்களுக்கு இரண்டு பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்